பழைய மிருகக்காட்சிசாலைகளைப் புதுப்பிக்கும்போது எதை வைத்திருப்பது, எதை விடுவது?

உவர்மலை ரீச்சர் (திருகோணமலை)

வணக்கம். எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இந்தத் தவணைச் செயற்றிட்டத்துக்குத் தாங்களாகவே ஒரு தலைப்பைத் தெரிவு செய்திருக்கிறார்கள். பழைய மிருகக்காட்சிசாலைகளை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும், சரி, ஆனால் மாற்றும்போது அவற்றின் பழமை என்ன ஆவது என்பதுதான் கேள்வி. அடுத்த தவணையில் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போகிறோம். இங்கிருந்து போய்வர ஒரு முழு நாளும் அரை இரவும் பஸ்ஸிலேயே கழிந்துவிடும், ஆகவே பிள்ளைகள் கூட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை.

வகுப்பு இரண்டு கட்சியாகிவிட்டது. ஒரு பக்கம், கம்பிக் கூடு எல்லாம் இடிக்க வேண்டியது, அதில் பாதுகாக்க என்ன இருக்கிறது என்கிறது. மற்றப் பக்கம், எங்கள் அம்மம்மா காலத்து ஆட்கள் முதன்முதலில் சிங்கத்தைப் பார்த்த இடம் அது, அதை அடையாளமே இல்லாமல் அழித்துவிட்டு நான்கு கண்ணாடிச் சுவரைக் கட்டினால் அது எந்த நாட்டிலும் இருக்கக்கூடிய ஒரு இடமாகிவிடும் என்கிறது. இரண்டு பக்கமும் சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. வெளிநாடுகளில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? கட்டடத்தையும் காப்பாற்றி மிருகத்தையும் நன்றாக வைத்திருக்கும் இடம் உண்மையிலேயே இருக்கிறதா? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பிள்ளைகளும் வாசிப்பார்கள்.

கொட்டியாரக் காற்று (லண்டன்)

ரீச்சர், நானும் அந்தப் பக்கம்தான், மூதூர். இங்கே பழைய கட்டடங்களைத் திருத்தும் வேலையில் இருக்கிறேன், அதனால் உங்கள் கேள்வி எனக்குத் தினசரிக் கேள்வி.

பிள்ளைகளுக்கு முதலில் லண்டன் மிருகக்காட்சிசாலையின் பெங்குயின் குளத்தைச் சொல்லிக் கொடுங்கள். 1934இல் லுபெட்கின் என்ற கட்டடக் கலைஞரும் அவருடைய டெக்டன் குழுவும் கட்டியது, பொறியியல் ஓவ் அரப். முட்டை வடிவக் குளம், நடுவில் தூண் எதுவும் இல்லாமல் இரண்டு கொங்கிரீட் சாய்தளங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு அந்தரத்தில் இறங்கும். கொங்கிரீட்டால் இப்படியும் செய்யலாமா என்று அந்தக் காலத்தில் உலகமே பார்த்தது. இன்றைக்கும் அதன் முன்னால் போய் நின்றால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும், அவ்வளவு அழகு. இங்கிலாந்தில் கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் மிக உயர்ந்த முதலாம் தரம் அதற்கு. ஆனால் அதற்குள் இருபது வருடமாகப் பெங்குயின் இல்லை.

என்ன நடந்தது என்றால், 2004இல் திருத்த வேலைக்காகப் பெங்குயின்களைத் தற்காலிகமாகப் பக்கத்தில் இருந்த ஒரு வாத்துக் குளத்துக்கு மாற்றினார்கள். சீமெந்துத் தரையில் நடந்து நடந்து அவற்றின் பாதங்களில் புண் வந்திருந்தது. ஒரு சாதாரண மண் கரைக் குளத்தில் அவை நன்றாக நீந்தின, சந்தோசமாக இருந்தன. அதோடு சரி, திரும்பக் கொண்டுபோகவில்லை. 2011இல் மணலும் கூழாங்கல்லும் போட்டுப் பெரிதாக ஒரு கடற்கரையே அமைத்துக் கொடுத்தார்கள். பழைய குளமோ சட்டப்படி அனுமதி இல்லாமல் ஒரு மூலையைக்கூட மாற்ற முடியாத நிலையில் வெறுமையாக நிற்கிறது. 2019இல் லுபெட்கினின் மகளே, பெங்குயின் இல்லாமல் அது அங்கே நிற்பதில் அர்த்தமில்லை, இடித்துவிட்டாலும் பரவாயில்லை என்ற கருத்தில் பேசினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மிருகத்தை வெளியே எடுத்ததும் சரி, கட்டடத்தை நிற்க விட்டதும் சரி. பிழை என்னவென்றால் அந்தக் கட்டடத்துக்கு அதன்பிறகு ஒரு வேலை கொடுக்காதது.

அதே வளாகத்தில் இதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. 1965இல் திறந்த ஸ்நோடன் பறவைக்கூடு. அலுமினியக் குழாய்களும் இழுகம்பிகளுமாக ஒரு கூடாரம் மாதிரி நிற்கும், அதுவும் பட்டியலில் உள்ளதுதான். அதன் சட்டகத்தைப் பத்திரமாகத் திருத்தி, வலையைப் புதிதாக மாற்றி, 2022இல் கொலபஸ் குரங்குகளை உள்ளே விட்டார்கள். மரம் ஏறித் தாவுகிற மிருகத்துக்கு அந்த உயரம் அப்படியே பொருந்துகிறது. ஏன் இது சரிவந்தது, பெங்குயின் குளம் ஏன் சரிவரவில்லை என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். என் பதில்: பறவைக்கூடு ஒரு வெறும் எல்லை, உள்ளே இருப்பதை மாற்றிக்கொள்ளலாம். பெங்குயின் குளத்தில் மிருகம் மிதிக்கும் தரைதான் கலைப்படைப்பே, அதை மாற்றினால் கட்டடம் போய்விடும், மாற்றாவிட்டால் பாதம் போய்விடும். ஒரு பழைய கூட்டைப் பார்த்ததும் முதலில் நான் கேட்கும் கேள்வி இதுதான், இதன் பெறுமதி எந்தப் பகுதியில் இருக்கிறது, மிருகத்தின் உடம்பு எந்தப் பகுதியைத் தொடுகிறது, இரண்டும் ஒன்றா வேறா.

யானைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1960களில் யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் என்று கட்டிய பெரிய கொங்கிரீட் மண்டபம் இங்கே இன்னும் இருக்கிறது, யானைகளை 2001லேயே விப்ஸ்னேட் என்ற பரந்த இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நகரத்து நடுவில் யானைக்குப் போதுமான இடத்தை எந்தக் கட்டடக் கலைஞராலும் உண்டாக்க முடியாது.

தம்பலகாமம் மிருக வைத்தியர்

மேலே அண்ணா எழுதியதில் கடைசி வரி முக்கியம், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிள்ளைகள் பழைய கூடுகளைப் பார்த்து, அந்தக் காலத்து ஆட்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று முடிவெடுத்துவிடக்கூடாது. ஓடு பதித்த சுவர், வழவழப்பான சீமெந்துத் தரை, சரிவாக ஒரு வடிகால், இவை எல்லாம் நோய்க்குப் பயந்து கட்டியவை. காசநோயும் குடற்புழுவும் கூட்டம் கூட்டமாக மிருகங்களைக் கொன்ற காலம் அது, நல்ல மருந்தும் கிடையாது. மண்ணும் மரமும் இருந்தால் கிருமி தங்கும், சீமெந்து என்றால் குழாயைத் திறந்து அடித்துக் கழுவலாம். அந்த நோக்கத்துக்கு அது வேலையும் செய்தது. மிருகத்தின் மனதுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி பிறகுதான் வந்தது. இன்றைக்குப் புழுவுக்கு மருந்து இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது, புதிதாக வரும் மிருகத்தைத் தனிமைப்படுத்தி வைக்கும் முறை இருக்கிறது, ஆகவே மண்ணையும் மரத்தையும் திரும்பக் கொடுக்கலாம். கொடுக்காமல் இருப்பதற்கு இனிக் காரணம் சொல்ல முடியாது.

படித்து முடித்த புதிதில் வெளிநாட்டில் ஒரு பழைய மிருகக்காட்சிசாலையில் பயிற்சியில் இருந்தேன், பெயர் வேண்டாம். அங்கே ஒரு சிறுத்தைக் கூடு இருந்தது. முன்பக்கம் வார்ப்பிரும்பில் பூவேலைப்பாடு, மேலே கட்டிய ஆண்டைப் பொறித்திருப்பார்கள், வருகிறவர்கள் எல்லோரும் அந்த முகப்பைத்தான் படம் எடுப்பார்கள். காலையில் கழுவும்போது உள்ளே போய்ப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். முன் கம்பியோரமாக ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சீமெந்து மழுங்கி ஒரு தடம் விழுந்திருக்கும், ஒரு சாண் அகலம்கூட வராது. திரும்புகிற இரண்டு மூலையிலும் சுவரில் தோள் உயரத்துக்கு எண்ணெய்க் கறை பிடித்த மாதிரி கறுத்துப்போயிருக்கும். ஒரே வழியில் நடந்து, ஒரே இடத்தில் திரும்பி, ஒரே இடத்தில் உரசி வந்த கறை. அதைத் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள், எனக்குக் கை வரவில்லை. அந்தக் கூட்டில் பாதுகாக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அந்தக் கறைதான் என்று அன்றைக்குப் பட்டது, இன்றைக்கும் அதுதான் என் எண்ணம்.

நாங்கள் கேட்டது பெரிய விசயம் இல்லை. சிறுத்தை உயரத்தில் படுக்கும் பிராணி, ஆகவே மேலே ஒரு மரத்தட்டு. அது ஒளிந்துகொள்ள முன்பக்கத்தில் பாதியை மூங்கில் தட்டியால் மறைக்க வேண்டும். சாப்பாட்டை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போடாமல், ஒருநாள் தொங்கவிட்டு, ஒருநாள் மரக்கட்டைக்குள் ஒளித்து, ஒருநாள் வேறு மிருகத்தின் வாசனை பட்ட வைக்கோலைப் போட்டு, தேடிச் சாப்பிட விட வேண்டும். தட்டிக்கு அனுமதி இல்லை என்றார்கள், முகப்பு மறைந்துவிடுமாம். அந்த இடத்தில் எனக்கு மரபு என்ற பேச்சிலேயே வெறுப்பு வந்துவிட்டது, ரீச்சர். மரபைக் காப்பதற்கான செலவை அதை விளங்கிக்கொள்ளவே முடியாத ஒரு உயிர் கட்டுவது எந்த வகையில் நியாயம்?

பிள்ளைகளுக்கு இன்னொன்று. மிருகக்காட்சிசாலையில் நாம் பார்க்கிற பக்கம் பாதிதான். இரவில் அடைக்கும் அறை, கூட்டுக்குக் கூடு மாற்றும் இரட்டைக் கதவு, மருந்து கொடுக்கும் இடம், தீனி வெட்டும் அறை, இவை பின்னால் இருக்கின்றன. புதுப்பிக்கிறோம் என்று பல இடங்களில் முன்பக்கத்துக்குக் கண்ணாடியும் செயற்கைப் பாறையும் போட்டுவிட்டுப் பின்னறையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மாலை 5 மணி தொடக்கம் மறுநாள் காலை வரை அந்த மிருகம் இருப்பது பின்னறையில்.

எல்ப் கரை (ஹம்பேர்க்)

தெஹிவளைக்குப் போகிற பிள்ளைகள் ஹம்பேர்க்கைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் போகக்கூடாது, ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்பத்துக் கதை.

1907இல் கார்ல் ஹாகன்பெக் இங்கே ஸ்டெல்லிங்கனில் ஒரு மிருகக்காட்சிசாலையைத் திறந்தார். அதற்கு முன்னால் எல்லா இடமும் கம்பிதான். அவர் கம்பிக்குப் பதிலாக அகழி வெட்டினார். ஒவ்வொரு மிருகமும் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் பாயும் என்று பார்த்து அதற்கேற்ப அகழியின் அளவைத் தீர்மானித்து, முன்னால் பறவைகள், அதற்குப் பின்னால் மேய்கிற மிருகங்கள், அதற்கும் பின்னால் சிங்கம் என்று படிப்படியாக உயர்த்தி வைத்தார். பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெளியில் திரிகிற மாதிரி இருக்கும், இடையில் இருக்கும் அகழி தெரியாது. இன்றைக்கு உலகத்தில் திறந்தவெளி மிருகக்காட்சிசாலை என்று எதைச் சொல்கிறோமோ அதன் தொடக்கம் அது. ஆகவே ‘பழையது என்றால் கம்பி, புதியது என்றால் திறந்தவெளி’ என்ற பிரிப்பே சரியில்லை, திறந்தவெளிக்கே நூறு வயது தாண்டிவிட்டது.

அந்தக் காட்சித்தளங்கள் இன்றைக்கு நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றன, மிருகங்களும் அவற்றில் வாழ்கின்றன. பனிக்கடல் காட்சித்தளத்தை 2012இல் புதிதாகக் கட்டித் திறந்தபோது வெளித்தோற்றத்தைப் பழையபடியே வைத்து உள்ளே வால்றஸ், துருவக்கரடிகளுக்கு ஏற்ற மாதிரி தடாகங்களை அமைத்தார்கள். பழைய வாயிலும் வெண்கல யானைத் தலைகளோடு இன்னும் நிற்கிறது. வருகிறவர்கள் உள்ளே போவது இப்போது வேறு வழியால், அந்த வாயிலை யாரும் தொடவில்லை. என் மகளுக்கு அந்த யானைத் தலைகளைப் பார்க்காமல் போக மனம் வராது, ஒவ்வொரு தடவையும் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவோம்.

இனித் தெஹிவளை. கார்லின் தம்பி முறையான ஜோன் ஹாகன்பெக் கொழும்பில் மிருக வியாபாரம் செய்தவர். 1920களின் கடைசியில், வாங்கிய மிருகங்களை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற்றும்வரை வைத்திருக்க ஒரு இடமாகத்தான் தெஹிவளை தொடங்கியது. 1936இல் அந்தக் கம்பனி மூடப்பட்டதும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, தேசிய மிருகக்காட்சிசாலை என்ற கதை அதற்குப் பிறகுதான். அதாவது காட்டிலிருந்து பிடித்து ஏற்றுமதி செய்த ஒரு தங்குமடம். அதையும் பிள்ளைகள் அறிய வேண்டும்.

இன்னும் கசப்பான ஒன்றும் இருக்கிறது. ஹாகன்பெக்குகள் மிருகங்களை மட்டும் காட்சிக்கு வைக்கவில்லை. 1880களிலேயே இலங்கையிலிருந்து யானைகளோடு ஆட்களையும் கப்பலில் கொண்டுவந்து, குடிசை போட்டு, ஆடவும் பாடவும் தொழில் செய்து காட்டவும் வைத்து ஐரோப்பிய நகரங்களில் டிக்கெட் விற்றார்கள். நம்முடைய மண்ணிலிருந்து வந்த மனிதர்கள். அந்த அழகான வாயிலைப் பாதுகாப்பதென்றால் இந்த வரலாற்றையும் அதன் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். பழைய மிருகக்காட்சிசாலைகளை அடியோடு இடித்துவிட்டால் இதுவும் சேர்ந்து மறைந்துவிடும், அதனால்தான் இடிக்கக்கூடாது என்ற பக்கம் நான் நிற்கிறேன், அழகுக்காக அல்ல.

நிலாவெளி மணல்

எல்லோரும் ஐரோப்பாவையே சொல்கிறீர்கள். அங்கே காசும் இருக்கிறது, சனமும் நெருக்கம் இல்லை. தெஹிவளையைச் சுற்றிப் பாருங்கள், நாலு பக்கமும் வீடு, அகலிக்க ஒரு அங்குலம் இல்லை. இங்கே ஒரே வழி கொண்டுபோய்ப் பெரிய இடத்தில் வைப்பதுதான். சென்னையில் செய்தார்கள் தானே, நகரத்துக்குள் நெருக்கிக்கொண்டு இருந்ததை 1985இல் வண்டலூர்க் காட்டுக்குக் கொண்டுபோனார்கள், 500 ஹெக்டேயருக்கு மேல் இடம், மிருகங்களுக்கு விடிவு காலம். நம் நாட்டிலும் தொடங்கியாயிற்று, பின்னவலையில் 2015இல் ஒன்று, ரிதியகமவில் 2016இல் வாகனத்தில் இருந்தபடி பார்க்கும் சபாரி. மிச்சத்தையும் கொண்டுபோய்விட்டுத் தெஹிவளையை மூடினால் பிரச்சினை முடிந்தது.

கொட்டியாரக் காற்று

தம்பி, வண்டலூர் விசயத்தில் மிருகங்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். ஆனால் ரீச்சர் கேட்ட மற்றப் பாதியையும் பாருங்கள். சென்னையில் அது 1855இல் எட்வர்ட் பல்ஃபர் அருங்காட்சியகத்தோடு சேர்த்துத் தொடங்கியது, பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது, இந்தியாவிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று. அந்தப் பூங்கா நிலத்தில் இன்று மாநகராட்சிக் கட்டடமும் விளையாட்டரங்கமும் நிற்கின்றன. சென்னைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், புலி எங்கே உறுமியது என்று காட்டத் தெரிந்தவர் எத்தனை பேர்?

இங்கே பிரிஸ்டலில் 1836இல் திறந்ததை 2022இல் மூடிவிட்டார்கள். மிருகங்களுக்கு ஊருக்கு வெளியே நல்ல இடம். பழைய தோட்டத்தில் வீடுகள் கட்டத் திட்டம் போட்டதும் ஊர்ச்சனம் எழும்பி நின்றது. அவர்கள் கூட்டுக்காக அழவில்லை. அந்தப் பூமரங்கள், பெஞ்சுகள், தலைமுறை தலைமுறையாக ஞாயிற்றுக்கிழமை நடந்த பாதைகள், அவற்றுக்காகத்தான். மிருகம் போன பிறகும் அந்த இடம் ஊருக்குச் சொந்தம் என்ற எண்ணம் அது. தெஹிவளையில் பெரிய மிருகங்களைக் கொண்டுபோனால் மூடத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? அந்த நிழல் மரங்களும் நடைபாதையும் இருக்கட்டும், சின்ன இடமே போதுமான ஊர்வன, தவளை, மீன், வண்ணத்துப்பூச்சி இருக்கட்டும், பழைய கூடுகளில் நல்லதாக ஒன்றிரண்டைத் திறந்து ஆட்களை உள்ளே நடக்க விடுங்கள், கம்பிக்கு உள்ளிருந்து வெளியே பார்க்கட்டும். வியன்னாவில் ஷோன்புறூன் மிருகக்காட்சிசாலை 1752இல் இருந்து இருக்கிறது, உலகத்திலேயே மூத்தது, யுனெஸ்கோ பட்டியலில் உள்ள அரண்மனை வளாகத்துக்குள். நடுவில் அரச குடும்பம் இருந்து மிருகங்களைப் பார்த்த மண்டபத்தில் இப்போது சனம் இருந்து சாப்பிடுகிறது. வட்டமாகச் சுற்றியிருக்கும் அந்தப் பழைய அமைப்பு மேலிருந்து பார்த்தால் இன்னும் அப்படியே தெரியும். ஆனால் நெருக்கமான கூடுகளை ஒன்றாக்கிக் குறைந்த எண்ணிக்கை மிருகங்களுக்கு விட்டிருக்கிறார்கள். இடம் இல்லாவிட்டால் மிருகங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், அதை ஏனோ எவரும் முதல் யோசனையாகச் சொல்வதில்லை.

உவர்மலை ரீச்சர்

எல்லோருக்கும் மிகவும் நன்றி. வகுப்பில் வாசித்துக் காட்டினேன், சிறுத்தைக் கறையைப் பற்றி வாசித்தபோது இடிக்க வேண்டும் என்ற கட்சியில் இருந்த பிள்ளை ஒருவர், அப்படியென்றால் அந்தச் சுவரை மட்டும் வைத்திருக்கலாம் என்றார்.

இன்னொரு கேள்வி, இது நம்ம ஊர்க் கேள்வி. பிரெட்றிக் கோட்டைக்குள் மான்கள் திரிகின்றன தானே. அவை வெளியே வந்து குப்பை தின்கின்றன, வாகனத்தில் அடிபடுகின்றன, ஆகவே கோட்டைக்குள்ளேயே நல்ல வேலி அடித்து, பெயர்ப் பலகை வைத்து, ஒரு சின்ன மிருகக்காட்சிசாலையாக ஆக்கினால் மானுக்கும் பாதுகாப்பு, கோட்டைக்கும் ஆட்கள் வருவார்கள் என்று பிள்ளைகள் சிலர் எழுதியிருக்கிறார்கள். பழமையும் புதுமையும் சேர்ந்த இடம் என்று அவர்களுக்கு அதில் நல்ல உற்சாகம். நான் என்ன சொல்வது?

கோட்டைவாசல் (திருகோணமலை)

ரீச்சர், நான் கள அளவை வேலை செய்து ஓய்வு பெற்றவன், கோட்டைக்குள் அளந்தும் இருக்கிறேன். பிள்ளைகளின் அக்கறை நல்லது, ஆனால் வேலி வேண்டாம்.

கட்டடப் பக்கத்தை முதலில் பார்ப்போம். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லைக் கொண்டு கட்டத் தொடங்கியது, பிறகு ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர், 1803இல் இந்தப் பெயர் வந்தது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத் தொன்மை என்று எடுக்கிறது, ஆகவே கோட்டை அதற்குள் வருகிறது. 1930களில் கட்டிய ஒரு மிருகக்கூடு தன்பாட்டில் அதற்குள் வராது, பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்தால் நல்லது. கோட்டைக்குள் ஒரு வேலிக் கால் நட என்று குழி தோண்டினாலே கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய மண் அது, கோயிலின் தூணாகக்கூட இருக்கலாம். உள்ளே இராணுவ முகாமும் இருக்கிறது, கோயிலுக்குப் போகிற சனமும் அந்த வழியால்தான்.

மான் பக்கம் அதைவிட முக்கியம். வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பஸ்ஸில் வந்த ஆட்கள் சாப்பிட்டுவிட்டுப் பார்சலைக் கட்டி எறிவார்கள், கொம்பு முளைத்துத் தோல் உரியாத ஒரு கலை, அதாவது ஆண் மான், நேரே வந்து முன்னங்காலால் அதை அமத்திப் பிடித்துக்கொண்டு மூக்கால் விரிக்கும். சோற்றோடு சேர்ந்து அதைச் சுற்றிய பொலித்தீன் லஞ்ச் சீற்றும் போகும், ஏனென்றால் குழம்பு ஊறியது அந்தச் சீற்றில்தான். வழியில் போகிற எல்லோரும் பார்க்கிறோம், பார்த்துவிட்டுப் போகிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை, வெளிப்படையாகச் சொல்கிறேன். கண்டிக்குப் போனால் பெருமையாகச் சொல்கிறோம், எங்கள் ஊரில் மான் றோட்டில் நடக்கும் என்று. அந்த மானின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை.

வேலி அடைத்தால் மான் குப்பைக்குப் போகாது, ஆனால் குப்பை மானிடம் வரும். சனம் வேலிக்கு மேலால் எறியும். புல் கொஞ்ச நாளில் முடிந்துவிடும், கலைகள் ஒன்றையொன்று குத்தும், குட்டி பெருகும், வெளி இரத்தம் கலக்க வழி இருக்காது. ஒரு பழைய மிருகக்காட்சிசாலையின் எல்லாப் பிரச்சினையையும் நாமே புதிதாக உண்டாக்கினதாகும். கடைகளின் குப்பைப் பெட்டிக்கு மூடி, வாசலில் பொலித்தீன் வாங்கி வைக்கும் ஏற்பாடு, கோடையில் உள்ளே இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர்த் தொட்டி, இரவில் வாகன வேகத்துக்குக் கட்டுப்பாடு. இவற்றில் ஒன்றுக்கும் கோட்டைக் கல்லைத் தொட வேண்டியதில்லை.

தம்பலகாமம் மிருக வைத்தியர்

ஐயா எழுதியதற்கு வைத்தியப் பக்கத்திலிருந்து கொஞ்சம். மான் அசைபோடும் பிராணி, மாட்டைப் போலத்தான் வயிற்றில் அறைகள். புல்லையும் இலையையும் நொதிக்க வைக்கத்தான் அந்த வயிறு. அதில் சோறும் பாணும் அளவுக்கு மிஞ்சிப் போனால் புளித்து அமிலம் ஏறும், பொலித்தீன் போனால் வெளியேறவே வழி இல்லை, உள்ளே கிடந்து சுருண்டு பந்தாகும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், மிருகம் மெலிந்துகொண்டே போகும். அன்பாகக் கொடுக்கிற பாணும் கெடுதிதான் என்பதைக் கோயிலுக்கு வருகிற சனத்துக்குப் பிள்ளைகள் சொன்னால் கேட்பார்கள், நாங்கள் சொன்னால் கேட்பதில்லை.

எனக்கு இதில் தெரிகிற பெரிய விசயம், வேலியே இல்லாத ஒரு பழமையான இடத்திலும் மிருகம் துன்பப்படலாம் என்பது. திறந்தவெளி, கண்ணாடி, அகழி என்ற பேச்சில் நாம் மயங்கிவிடுகிறோம். நிழல் இருக்கிறதா, ஒளிய இடம் இருக்கிறதா, சரியான தீனியா, தன் இனத்தோடு இருக்கிறதா, பார்க்கிற சனம் என்ன செய்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும்.

தெஹிவளைக்குப் போகும்போது காலையிலேயே உள்ளே போய்விடுங்கள் ரீச்சர், வெயில் ஏறினால் எல்லாம் படுத்துவிடும். முழுவதையும் பார்க்க வேண்டாம். இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் ஒரே ஒரு கூடு, அதன் முன்னால் அரை மணித்தியாலம். ஒருவர் நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த மிருகம் என்ன செய்கிறது என்று கொப்பியில் குறிக்கட்டும், நடக்கிறதா, ஒரே வழியில் திரும்பத் திரும்ப நடக்கிறதா, படுத்திருக்கிறதா, சாப்பிடுகிறதா, மறைந்துவிட்டதா. மற்றவர் கூட்டை வரையட்டும், தரை என்ன, நிழல் எங்கே விழுகிறது, உயரமான இடம் உண்டா, கட்டடத்தில் ஆண்டோ வேலைப்பாடோ இருக்கிறதா என்று. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதை வைத்திருப்பது, எதை மாற்றுவது என்ற விவாதம் வகுப்பில் வேறு மாதிரிப் போகும். போகுமுன் கோட்டை மான்களில் ஒருநாள் பழகிப் பாருங்கள். குறிக்கும் தாளின் மாதிரி ஒன்றை இன்றிரவு இங்கே போட்டுவிடுகிறேன்.